புண் மாறியதா, வெளிச்சம் மாறியதா? கால் புண் படத்தில் நிறத்தை அளப்பது

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கும் உங்கள் அக்கா, தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் ஆறாத சர்க்கரைப் புண்ணை வாராவாரம் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார். பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்துக்காக அந்தப் படங்களைப் பைத்தான் நிரலில் போட்டு, சிவப்பு (ஆறிவரும் சதை), மஞ்சள் (அழுகல் படலம்), கறுப்பு (கருகிய சதை) ஆகிய பகுதிகள் எத்தனை விழுக்காடு என்று நீங்கள் கணக்கிட்டீர்கள். மூன்றாம் வாரம் மஞ்சள் 12 விழுக்காடு, நான்காம் வாரம் 41. அக்காவோ புண் நன்றாகத்தான் ஆறிவருகிறது என்கிறார். எந்த அல்காரிதம் போட்டால் சரிவரும் என்று கேட்கிறீர்கள்.

அல்காரிதத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அக்கா கண்ணால் பார்த்தது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நான்காம் வாரப் படத்தை எடுத்த கேமராவுக்கு அந்தக் காமாலை வந்திருக்கிறது.

படத்தின் மிகச் சிறிய புள்ளியான ஒரு பிக்சலில் உள்ள எண் புண்ணின் நிறத்தை மட்டும் சொல்வதில்லை. மேலே விழும் வெளிச்சம், அதில் எந்த அலைநீளத்தைப் புண் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது, கேமராச் சில்லின் உணர்திறன் ஆகிய மூன்றும் பெருகிக் கிடைப்பது அந்த எண். இவற்றில் உங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பது ஒன்றுதான். மற்ற இரண்டையும் அசையாமல் நிறுத்தாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. பட்டுப்புடவை வாங்கப் போகிறவர்கள் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப்போய் விரித்துப் பார்ப்பது இதற்காகத்தான். செம்பனைக் குலை பழுத்ததா என்று நிறம் பார்த்துச் சொல்பவர், காலை வெயிலில் ஒன்றும் மழை இருட்டில் வேறொன்றும் சொல்லிவிடக்கூடாது என்று கவனமாக இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கேமராவுக்கு அந்தக் கவனம் இல்லை. மாறாக, தானாகவே நிறத்தைத் திருத்தும் வேலையைச் செய்கிறது. ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருந்தால், படத்தில் அதிகம் உள்ள நிறத்தை வெளிச்சத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டு அதைக் குறைக்கப் பார்க்கும். காலுக்கு அடியில் பச்சைத் துணி விரித்தால் பச்சையைக் குறைக்கும், புண் கருஞ்சிவப்பாகத் தெரியும். அடுத்த வாரம் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் நீலத்தைக் குறைக்கும், அதே புண் மஞ்சளாகிவிடும். உங்கள் 41 விழுக்காட்டுக்கு இது ஒன்றே போதும். நான்காம் வாரப் படத்தில் விரிப்பு என்ன நிறம் என்று முதலில் பாருங்கள்.

ஆகவே படம் எடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். ஜன்னல் திரையை மூடிவிடுங்கள். வெளியே செம்பனை வரிசை நின்றால் உள்ளே வரும் வெளிச்சத்திலேயே பச்சை கலந்திருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் திரண்டால் அதுவும் மாறும். நிறக்காட்டுத்திறன், அதாவது சி.ஆர்.ஐ., 90க்கு மேல் உள்ள 5000 கெல்வின் எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கி, காலின் இருபக்கமும் 45 பாகையில் வையுங்கள். பெட்டியில் ஆர்9 என்ற எண்ணும் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அது ஆழ்ந்த சிவப்புக்கான மதிப்பெண். சி.ஆர்.ஐ. 80 உள்ள மலிவு விளக்குகளில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இரத்தத்தின் நிறத்தை அளக்க வந்தவருக்கு அந்த விளக்கு உதவாது. இரு பக்க விளக்குக்கு இன்னொரு பயனும் உண்டு: பள்ளமான புண்ணில் ஒருபக்க நிழல் விழாது. நிழலைக் கணினி கருகிய சதை என்றே எண்ணும்.

காலுக்கு அடியில் சாம்பல் நிறத் துணி விரியுங்கள். போனைப் புண்ணுக்கு நேர் மேலே 30 முதல் 40 சென்டிமீட்டரில் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கிட்டத்தில் அடிக்கும் ஃபிளாஷ் நடுவை வெளுக்கச் செய்து ஓரத்தை இருட்டாக்கும். எச்.டி.ஆர்., அழகூட்டல், காட்சி மேம்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கையால் அமைக்கும் ப்ரோ நிலையில் ஒயிட் பேலன்ஸை 5000இல் பூட்டுங்கள், ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளி உணர்திறன்) ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) கூட. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடியில் இருந்தால் படத்தில் பட்டைகள் விழாது. 1/250 வைத்தால் சில விளக்குகளில் வரிவரியாக நிறம் மாறும்.

வெளிச்ச அளவைச் சற்றே குறைத்து எடுங்கள், அரை ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் உண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஈரமான சிவப்புப் புண்ணில் சிவப்புச் சேனல்தான் முதலில் 255ஐத் தொடும். தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு சிவப்பு இருந்தது என்பது போய்விட்டது, எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதோடு பச்சைச் சேனல் மட்டும் ஏறிக்கொண்டே போவதால் சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகும். ஒவ்வொரு சேனலின் ஹிஸ்டோகிராமையும், அதாவது எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தையும், தனித்தனியே பார்ப்பது இதற்காகவே. மூன்றும் சேர்ந்த ஒற்றை வரைபடம் இந்தத் தவறை மறைத்துவிடும்.

ஈரத்தின் பளபளப்பு இன்னொரு தொல்லை. பளபளக்கும் புள்ளியில் தெரிவது விளக்கின் நிறம், புண்ணின் நிறம் அங்கே இல்லை. விளக்கின் முன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள் ஒன்றையும், போன் லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொன்றையும் ஒட்டினால் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி நின்றுவிடும். திசுவுக்குள் போய்ச் சிதறி வருவது மட்டும் வரும். வெளிச்சம் பாதிக்கு மேல் குறையும், அதற்கேற்ப விளக்கைக் கூட்டுங்கள்.

இப்போது புண்ணின் பக்கம். இது பொறியியல் பாடத்தில் வராது, அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போட்ட புண் மஞ்சள் கலந்த பழுப்பாகும், கணினி அதை அழுகல் படலம் என்று எண்ணும். வீட்டில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டு வந்தவருக்கும் அதேதான். வெள்ளி கலந்த கட்டுகள் சாம்பல் கறுப்புக் கறையை விடும், அது கருகிய சதையாகக் கணக்கில் ஏறும். ஹைட்ரோகொலாய்டு கட்டு மஞ்சள் கூழாக உருகி நிற்கும். குதிகாலில் மருதாணி இருந்தால் அதுவும் ஒரு சிவப்பு. எனவே சலைன் என்ற உப்புநீரால் கழுவி, காஸ் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் விட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். காலைத் தொங்கவிட்டால் இரத்தம் இறங்கிச் சிவக்கும், உயர்த்தினால் வெளுக்கும். இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவரிடம் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் படுக்கவைத்த பிறகே எடுக்க வேண்டும்.

படத்துக்குள் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கட்டும். ஒன்று, நிறத்தைத் திருத்த உதவும் சாம்பல் அட்டை. மற்றது 20 மில்லிமீட்டர் சதுர ஸ்டிக்கர். சாம்பல் அட்டைக்குப் பதிலாக ஏ4 தாளை வைத்துவிடாதீர்கள். தாளை வெண்மையாகக் காட்ட அதில் ஒளிரும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், அது நீலத்தைக் கூட்டிக் காட்டும். கைக்குக் காசு இருந்தால் 24 கட்டம் கொண்ட கலர்செக்கர் அட்டை நல்லது. 1976 முதல் பயனில் இருப்பது, அதன் கடைசி வரிசையின் ஆறு கட்டங்களும் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் படிகள்.

ஸ்டிக்கர் எதற்கு என்றால், பரப்பளவுக்கு. ஸ்டிக்கரின் ஒரு பக்கம் படத்தில் 250 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.08 மில்லிமீட்டர், அதன் பரப்பு 0.0064 சதுர மில்லிமீட்டர். புண் 93,750 பிக்சல் இருந்தால் 600 சதுர மில்லிமீட்டர், அதாவது 6 சதுர சென்டிமீட்டர். கணக்கு இவ்வளவுதான், ஆனால் ஸ்டிக்கர் புண்ணின் அதே தளத்தில் ஒட்டியிருக்க வேண்டும். போன் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஸ்டிக்கர் கணுக்கால் எலும்பின் மேல் 2 சென்டிமீட்டர் தூக்கி நின்றால், அது பெரிதாகத் தெரியும், புண் உண்மையைவிட 13 விழுக்காடு சிறிதாகக் கணக்கில் வரும். போனை 30 பாகை சாய்த்தாலும் ஏறத்தாழ அதே 13 விழுக்காடு குறையக்கூடும். சாய்வை ஸ்டிக்கரின் நான்கு மூலைகளை வைத்து நேராக்கலாம், உயர வேறுபாட்டை அப்படித் திருத்த முடியாது.

இந்தப் பரப்பளவை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்க்கரைப் புண் நான்கு வாரத்தில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்காவிட்டால் அது 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சையை மாற்றுவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் எண் இது. இந்த நாட்டில் 2023 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஒரு தாதி அளவுகோலால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால், நீள்வட்டப் புண்ணுக்கே கால் பங்குக்கு மேல் கூடுதலாக வரும். உங்கள் திட்டத்தில் நிற விழுக்காட்டைவிட இந்தப் பரப்பளவுதான் அக்காவுக்குச் சீக்கிரம் பயன்படும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அளவைச் சுருக்கி மறுபடி அமுக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும். போன் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் பட வடிவம் பொதுவாக வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிற விவரத்தை இரு திசையிலும் பாதியாக்கிச் சேமிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. புண்ணின் ஓரத்தில் நிறத்தை அளக்கும் உங்களுக்குத் தெரியும். போனில், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவம் இருந்தால் அதுவே மேல். ஐபோன் படமாக இருந்தால் இன்னொன்று: அது டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற வெளியில் சேமிக்கும். பைத்தானில் படங்களைக் கையாள உதவும் ஓப்பன்சிவி தொகுப்பு அந்தக் குறிப்பைப் படிக்காமல், வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. நிற வெளி என்றே எடுத்துக்கொள்ளும், சிவப்பு வெளிறிப்போகும். அக்கா இடையில் போன் மாற்றினாரா என்று கேளுங்கள்.

இனி கணினி. ஓப்பன்சிவி படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தருவதில்லை, நீலம் முதலில் வரும். இதை மறந்து சிவப்பையும் நீலத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் திணறியவர்கள் ஏராளம். அடுத்து, படத்தில் சேமித்த எண் வெளிச்சத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. எஸ்.ஆர்.ஜி.பி.யில் 128 என்பது 255இன் பாதி, ஆனால் அதன் வெளிச்சம் சுமார் 21.6 விழுக்காடுதான். பாதி வெளிச்சம் 188இல் வருகிறது. ஒரு கறுப்புப் பிக்சலையும் ஒரு வெள்ளைப் பிக்சலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 128 என்பீர்கள், வெளிச்சக் கணக்கில் 188 வரவேண்டும். மங்கலாக்குவது, சராசரி காண்பது, சேனல்களைக் கலந்து நிறம் திருத்துவது எல்லாவற்றையும் நேர்விகித மதிப்புக்கு மாற்றிய பிறகே செய்யுங்கள். மாற்றும் வழி: எண்ணை 255ஆல் வகுங்கள். விடை 0.04045 வரை இருந்தால் 12.92ஆல் வகுக்கவும். அதற்கு மேல் என்றால் 0.055 கூட்டி, 1.055ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்தவும்.

பிறகு சாம்பல் அட்டை. 18 விழுக்காடு ஒளி திருப்பும் அட்டை, வெளிச்ச அளவைக் குறைக்காமல் சரியாக எடுத்த படத்தில் மூன்று சேனலிலும் 118 அளவில் இருக்க வேண்டும். அரை ஸ்டாப் குறைத்தால் எண் இறங்கும், ஆனால் மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது சிவப்பு 132, பச்சை 118, நீலம் 96 என்று இருந்தால் விளக்கு மஞ்சளடிக்கிறது. நேர்விகித மதிப்பில் அவை 0.231, 0.181, 0.117. பச்சையை அப்படியே விட்டு, படம் முழுக்கச் சிவப்பை 0.785ஆலும் நீலத்தை 1.55ஆலும் பெருக்குங்கள். இதைச் செய்த அன்றே உங்கள் 41 விழுக்காடு பெரும்பாலும் இறங்கிவிடும். கலர்செக்கர் இருந்தால் 24 கட்டங்களையும் வைத்து மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் (எண் கட்டம்) ஒன்றை, பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி தேடும் குறைந்த வர்க்க முறையில் கண்டுபிடிக்கலாம். திருத்திய பின் ஒவ்வொரு கட்டமும் இருக்கவேண்டிய நிறத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் உங்கள் அளவுகோலின் பிழை. அதை அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

நிறத்தைப் பிரிக்க ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) வேண்டாம், அதில் வெளிச்சம் கூடினால் மூன்று எண்ணும் கூடும். பலரும் உடனே, நிறத்தை ஒரு வட்டத்தின் கோணமாக எழுதும் எச்.எஸ்.வி.க்குப் போவார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓப்பன்சிவி நிறக்கோணத்தை 0 முதல் 179 வரை எழுதுகிறது, சிவப்பு அதன் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கிறது. 2 என்பதும் சிவப்பு, 178 என்பதும் சிவப்பு, சராசரி எடுத்தால் 90, அது நீலப்பச்சை! புண்ணில் எங்கிருந்து நீலப்பச்சை வந்தது என்று தேடாதீர்கள். இருண்ட பிக்சலில் நிறக்கோணம் சும்மா இரைச்சலாக அலையும் என்பது இன்னொரு குறை. 1976இல் சி.ஐ.இ. என்ற அனைத்துலக ஒளியியல் ஆணையம் வகுத்த லாப் நிற வெளி இதற்குப் பொருத்தம். எல் என்பது வெளிச்சம், ஏ பச்சையிலிருந்து சிவப்புக்கு, பி நீலத்திலிருந்து மஞ்சளுக்கு. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம் 2 அளவில் இருந்தால்தான் பொதுவாகக் கண்ணுக்கு வேறுபாடு தெரியத் தொடங்கும். ஓப்பன்சிவியின் எட்டு பிட் லாபில் எல் 255க்கு நீட்டப்பட்டிருக்கும், ஏ, பி இரண்டிலும் 128 கூட்டப்பட்டிருக்கும். ஃபோட்டோஷாப் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் பொருந்தாது, அதன் அடிப்படை வெள்ளையே வேறு.

பிக்சல்களை நிறம் பார்த்துத் தானாகக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையைப் போட்டதாகச் சொன்னீர்கள். மூன்று குழு என்று கேட்டால் அது மூன்றைக் கொடுத்தே தீரும், புண் முழுக்கச் சிவப்பாக இருந்தாலும் அதையே வெளிர்சிவப்பு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று பிரித்துத் தரும். அதோடு குழு எண் ஒவ்வொரு படத்திலும் மாறும், போன வாரம் 0 சிவப்பு, இந்த வாரம் 0 மஞ்சள். உங்கள் 12க்கும் 41க்கும் இதுவும் காரணமாக இருக்கலாம், சோதித்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி, நிறம் திருத்திய படங்களில் அக்காவையே சிவப்புச் சதை, மஞ்சள் படலம், கருகியது, புதுத்தோலின் இளஞ்சிவப்பு என்று நான்கு வகைக்கும் சிறு சிறு கட்டங்கள் வரையச் சொல்வது. ஒவ்வொரு வகையின் லாப் சராசரியையும் பரவலையும் வைத்து, புதுப் பிக்சல் எதற்கு அருகில் என்று முடிவு செய்யலாம். எதற்கும் அருகில் இல்லாவிட்டால் ‘தெரியவில்லை’ என்ற ஐந்தாம் வகைக்குத் தள்ளுங்கள்.

ஹிஸ்டோகிராம் சமப்படுத்தலை, அதாவது பிக்சல் எண்களை முழு வரம்புக்கும் பரப்பிவிடும் முறையை, மூன்று சேனலிலும் தனித்தனியே ஓட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். படம் பளிச்சென்று ஆகும், நிறம் பொய்யாகும். பக்கத்துப் பிக்சல்களின் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் வடிகட்டியையும் சேனல் சேனலாகப் போட்டால் ஓரங்களில் படத்திலேயே இல்லாத நிறம் பிறக்கும். இரைச்சலைக் குறைக்க எல் சேனலை மட்டும் தொடுங்கள், அல்லது மூன்றையும் ஒரே வெக்டராகப் பார்க்கும் மீடியனைப் பயன்படுத்துங்கள்.

கண்ணின் விழித்திரைப் படத்துக்கும் இது பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே பச்சைச் சேனல் ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்யும். ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக விழுங்குவதால் இரத்தக்குழாயும் இரத்தக்கசிவும் பச்சையில் கறுப்பாக நிற்கும். நுண்ணோக்கிச் சிலைடு என்றால் கணக்கே வேறு. அங்கே ஒளி ஊடுருவி வருகிறது, ஆகவே வெறும் சிலைடு பகுதியின் படத்தால் வகுத்து லாகரிதம் எடுத்து, சாயத்தின் அடர்த்தியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொற்று ஏறும்போது புண்ணைச் சுற்றித் தோல் சிவக்கும் என்று பாடநூல் சொல்லும். கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி அந்தச் சிவப்பை மூடிவிடும். சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருமை கூடியதாகவோ ஊதா கலந்ததாகவோதான் தெரியும். வெளிர் தோல் படங்களில் பழக்கிய கணினி மாதிரியை இறக்கிக்கொண்டுவந்து தோட்டத்துப் பெரியவரின் காலில் ஓட்டினால், சிவப்பு இல்லை, தொற்று இல்லை என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. ஒரு கால் போகிற விஷயம் இது. சுற்றுத் தோலை அளப்பதென்றால் தனி எண்ணாக அளக்காமல், மறு காலில் அதே இடத்துத் தோலோடு ஒப்பிடுங்கள், சிவப்புச் சேனலின் லாகரிதத்திலிருந்து பச்சையின் லாகரிதத்தைக் கழித்த வேறுபாட்டை. அப்போதும் சூடு, வீக்கம், நாற்றம், வலி ஆகியவற்றைப் படம் சொல்லாது. தொற்று உண்டா என்ற கேள்விக்கு உங்கள் மென்பொருள் பதில் தரக்கூடாது என்பதைத் திட்டத்தின் வரம்பாகவே எழுதிவிடுங்கள்.

அனுமதி விஷயமும் உண்டு. அரசாங்கக் கிளினிக் நோயாளியின் படத்தை ஆய்வுக்கு எடுக்க என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் விரிவுரையாளர் வழியாக இப்போதே தொடங்குங்கள். படத்தில் முகமோ ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரோ கட்டில் தலைமாட்டு அட்டையோ விழக்கூடாது, போன் சேர்த்து எழுதும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். பெரியவரிடம் எதற்காக எடுக்கிறோம் என்று தமிழிலேயே விளக்கிக் கையெழுத்து வாங்குவது அக்காவுக்குக் கடினமாக இருக்காது.

ஒப்புதல் வரும்வரை ஒரு சோதனையை உங்கள் கையிலேயே செய்யலாம். ஒரு தக்காளித் துண்டையும் மாம்பழத் துண்டையும் சாம்பல் துணியில் வைத்து, அட்டை, ஸ்டிக்கரோடு, ஒவ்வொரு முறையும் போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் படம் எடுங்கள். பொருள் மாறவில்லை, ஆகவே பத்திலும் பரப்பளவும் லாப் எண்களும் ஒன்றாக வரவேண்டும். வராது. பரப்பளவு 8 விழுக்காடு அலைந்தால், புண் ஒரு வாரத்தில் 5 விழுக்காடு சுருங்கியது என்று உங்களால் சொல்லவே முடியாது. அந்த அலைவு 2, 3 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை விளக்கையும் உயரத்தையும் சரிசெய்யுங்கள். பத்துப் படத்தின் எண்களையும், சாம்பல் அட்டை திருத்தத்துக்கு முன் ஒரு பட்டியல், பின் ஒரு பட்டியல் என்று அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே கசிகிறது என்று சொல்கிறேன்.